ஐந்தாம் ஸ்தலத்தில் நின்றுபோன நடை

இது நடந்தது நான்கு வருடங்களுக்கு முன், ஓர் அக்டோபர் மாதம். புதுச்சேரியில், மூடிப்போன பழைய பஞ்சாலைக்குப் பின்பக்கம் இருக்கிறது எங்கள் தெரு. தெருவென்று பேர்தான். இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் அதில் ஒன்று யாராவது ஒருவரின் வாசற்படியில் ஏறித்தான் போகவேண்டும். மரம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. அடிபம்பு பக்கத்தில் ஒரு முருங்கை இருந்தது, அதையும் கம்பிக்கு இடைஞ்சல் என்று வெட்டிவிட்டார்கள். சித்திரையிலும் வைகாசியிலும் எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்கார்ந்து தைக்கும்போது, தையல் மெஷினின் சக்கரம்கூட என் கையைச் சுடும். தையல்தான் என் தொழில். ஓர் இடத்தில் அரை மணி நேரம் உட்கார முடியாத ஒருத்திக்கு ஆண்டவர் கொடுத்த தொழில் அது. அவருக்கும் வேடிக்கை பார்க்கத் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் ஜூலையில் என் கணவருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை ஆயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில்தான். மில் மூடியபிறகு கம்பெனி கம்பெனியாக வாசலில் காவலுக்கு நின்றவர், நிற்பதே வேலையாக இருந்தவர். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவரிடம் பேசவில்லை, என்னிடம்தான் பேசினார். "தெனமும் நடக்கணும்மா. வண்டி போற ரோட்ல வேணாம். நிழலா, சமதரையா இருக்கற எடமா பாத்துக்குங்க. இவரு நடக்கலன்னா நாங்க பண்ணதெல்லாம் வீண்."

கடற்கரைச் சாலைக்குப் போகலாமே என்பீர்கள். புதுச்சேரி என்றாலே எல்லோருக்கும் அந்தச் சாலைதான் ஞாபகம் வரும். எங்கள் தெருவிலிருந்து அங்கே போக மெயின்ரோடு வரை நடந்து, பஸ் ஏறி, இறங்கி, மறுபடி நடக்க வேண்டும். மார்பில் தையல் போட்ட மனிதனைக் கூட்டத்தில் நெரிபட ஏற்ற முடியாது. தினமும் ஆட்டோ பிடிப்பதெல்லாம் எங்களுக்குக் கட்டுபடியாகாது.

ஆனால் தெருமுனை திரும்பினால், எங்கள் கோயிலுக்குப் பின்னால், ஒரு தோட்டம் இருக்கிறது.

கோயில் என்று நான் சொல்வது எங்கள் மாதா கோயிலை. தோட்டத்தின் நடுவில் கல் அடுக்கிக் குகைபோலக் கட்டிய ஒரு கெபி, அதற்குள் மாதா. அதைச் சுற்றிச் செங்கல் பதித்த பாதை. பாதையோரம் சிலுவைப்பாதையின் பதினான்கு ஸ்தலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னத் தூண், தூணில் ஒரு சிற்பம். இயேசுவுக்குத் தீர்ப்பு சொன்னதிலிருந்து அவரைக் கல்லறையில் வைத்தது வரை. அத்தனைக்கும் மேலே, ஒரு முழு வானத்தையே தன் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறது ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலில் நின்றால் உச்சிவெயில்கூடப் பச்சைத் தண்ணீராகி மேலே வழியும். மகிழம் இரண்டு, புங்கை நாலைந்து, யாரும் பறிக்காமல் உதிரும் நாகலிங்கப் பூ.

நான் அந்தக் கோயிலில்தான் ஞானஸ்நானம் பெற்றேன், தாலி கட்டிக்கொண்டேன். ஆனாலும் அந்த நிழலை வருடத்தில் ஒரே ஒருநாள், திருவிழா அன்றைக்கு, கூட்டத்தோடு கூட்டமாகத்தான் பார்த்திருந்தேன். மற்ற நாளில் அது பூட்டியிருக்கும். சாவி பெரிய தெரு வீடுகள் சிலவற்றில் இருக்கும். அவர்கள் காலையில் திறந்து நடந்துவிட்டு, பூட்டிக்கொண்டு போவார்கள்.

பெரிய தெரு என்ன, எங்கள் தெரு என்ன என்று சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஞானஸ்நானத் தண்ணீரில் கரையாத ஒன்று எங்கள் ஊரில் உண்டு. அது சாதி. கோயிலுக்குள் ஆளுக்கொரு பக்கம் உட்காருவது என் அம்மா காலத்தோடு போயிற்று. நற்கருணை ஒரே வரிசையில்தான் வாங்குகிறோம். ஆனால் வெளியே, மரத்தடியில், பழைய காலம் இன்னும் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஆகஸ்டில் ஒருநாள் காலை, இவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு தெருமுனைக்கு வந்தபோது, தோட்டத்துக் கதவு திறந்திருந்தது. உள்ளே நாலைந்து பேர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். நான் எதுவும் சொல்வதற்குள் இவர் உள்ளே காலெடுத்து வைத்துவிட்டார். முதல் ஸ்தலம், இரண்டாம் ஸ்தலம். மூன்றாம் ஸ்தலத்தில், இயேசு முதல் தடவை விழும் இடத்தில், மூச்சு வாங்கித் தூணைப் பிடித்துக்கொண்டார். "அவரு வுழுந்த எடத்துலயே எனக்கும் கால் தள்ளாடுது பாரேன்" என்று சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். ஐந்தாம் ஸ்தலம் வரை வந்தோம். இயேசுவின் சிலுவையை வழியில் போன ஒருவர் சேர்ந்து தூக்கும் இடம் அது.

"யாருப்பா அது? எந்தத் தெரு?"

திரும்பிப் பார்த்தோம். முசே நின்றிருந்தார். பெரிய தெருக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், கோயில் கமிட்டியில் தோட்டத்துக்குப் பொறுப்பானவர். எங்கள் பக்கத்தில் அவரை எல்லோரும் முசே என்றும், அவர் மனைவியை மதாம் என்றும்தான் கூப்பிடுவோம்.

இவர் தெருவின் பெயரைச் சொன்னார்.

"இது ஜெபம் பண்ற எடம்ப்பா. நடக்கறதுக்கு ரோடு இருக்குதுல்ல?"

பூட்ஸ் போட்டவர்கள் எங்களைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர் காதில் பாட்டு. இவர் பிடித்திருந்த தூணிலிருந்து கையை எடுத்தார். திரும்பி, வந்த வழியே, கதவு வரைக்கும் நடந்தார். அந்தத் தூரம்தான் அந்த வருடம் அவர் நடந்த கடைசித் தூரம் என்று ஆகிவிடுமோ என்று நான் பயந்துபோகும்படி, அதற்கப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ரோட்டில் ஒருதரம் கூட்டிப்போனேன், பைக் ஒன்று முழங்கையை உரசிக்கொண்டு போனது. அவ்வளவுதான். பிளாஸ்டிக் நாற்காலி, டிவி, கால் வீக்கம். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, "என்னம்மா, இவருக்கு வாழணும்னே எண்ணம் இல்லையா?" என்று கேட்டார்.

இருந்த எண்ணத்தைத் தோட்டத்து வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் கோயில் பாதிரியாரிடம், சாமியார் என்போம் அவரை, போய்ச் சொன்னேன். புதிதாக வந்த இளவயதுக்காரர், நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய கஷ்டத்தோடு நெளிந்தார். "கமிட்டியில பேசறேம்மா. கொஞ்சம் பொறுமையா இருங்க." பேசினார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று கமிட்டி சொன்னதாக வந்து சொன்னார். அடுத்த வருடம் என்பது இதயம் நன்றாக இருப்பவர்கள் சொல்லும் வார்த்தை.

அக்டோபர் வந்தது. எங்களுக்கு அது ஜெபமாலை மாதம். ஒரு சின்ன மாதா சுரூபம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மாதம் முழுக்க வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒருநாள் இருக்கும். மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரர்கள் மாலையும் மெழுகுவர்த்தியுமாக வந்து, முழங்காலிட்டு, "எங்க வூட்டுக்கு வாங்க தாயே" என்று அழைத்து, கூட இருந்து ஜெபமாலை சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு போவார்கள். அழைக்காமல் மாதா போகமாட்டாள். யாரும் கொண்டுபோய் விடவும் மாட்டார்கள். வாங்குகிறவர்கள்தான் வரவேண்டும். அதுதான் வழக்கம்.

அதில் ஒரு சின்ன வளைவு இருந்தது. எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்கு அப்புறம் மாதா பெரிய தெருவுக்குப் போகவேண்டும். அந்த ஒரு நாள் மட்டும் யாரும் அழைக்க வரமாட்டார்கள். சாமியாருக்குக் கோயில் வேலைகளில் உதவியாக இருக்கும் உபதேசியார் ஸ்கூட்டரில் வந்து சுரூபத்தை வாங்கிப்போய்க் கோயிலில் வைப்பார். பெரிய தெருக்காரர்கள் அங்கிருந்து அழைத்துக்கொள்வார்கள். எங்கள் வாசலை மிதிக்காமல் இருக்க, மாதாவையே ஒரு சுற்று சுற்ற வைத்திருந்தார்கள். இத்தனை வருடமும் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருப்பதும் வழக்கத்தில் ஒரு பாகமாகிவிட்டிருந்தது.

அந்த வருடம் எங்கள் தெருவில் கடைசி வீடு எங்களுடையது. எங்களுக்கு அடுத்து வாங்க வேண்டியது முசேயின் வீடு.

மாதா எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம், தையலை ஓரம் தள்ளிவிட்டு அந்தப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். பிரெஞ்சுக்காரர் காலத்துச் சுரூபம். வெளுத்த முகம், ரோஜாக் கன்னம், நீலக் கண். மூக்கு நுனியில் மட்டும் சாயம் பெயர்ந்து உள்ளே இருந்த மண் தெரிந்தது. எங்கள் தெரு மண்ணின் நிறம். இத்தனை வெள்ளையாக இருக்கிறவள் என் ஒற்றை அறைக்குள், என் கொடித் துணிக்குக் கீழே, முகம் சுளிக்காமல் ஒரு ராத்திரி முழுக்க இருந்திருக்கிறாள். மண்ணால் செய்து சாயம் பூசினவளுக்கு இருக்கும் பெருந்தன்மை, மண்ணால் செய்து மூச்சு ஊதப்பட்ட மனிதனுக்கு ஏன் இல்லை?

அப்போதுதான் முடிவு செய்தேன். முடிவு செய்தேன் என்பதைவிட, அது ஏற்கெனவே எனக்குள் உட்கார்ந்திருந்தது, நான் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன் என்பதுதான் சரி.

உபதேசியார் வழக்கம்போல ஸ்கூட்டரில் வந்தார்.

"குடும்மா, மழ வர்ற மாதிரி இருக்கு."

"இந்த வருஷம் வேணாம் ஐயா. சாயந்தரம் நாங்களே கொண்டாந்து குடுக்கறோம். தோட்டத்துல. மரத்தடியில."

"தோட்டத்துலயா? பூட்டி இருக்குமேம்மா?"

"வாங்கற வூட்டுக்காரங்ககிட்ட சாவி இருக்குது. தெறந்து வெக்கச் சொல்லுங்க."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைச் சொறிந்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "ஏம்மா என்ன மாட்டி வுடற" என்று முனகினார். ஆனால் போய்ச் சொல்வார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. அவருக்கும் உள்ளுக்குள் அந்த ஸ்கூட்டர் சவாரி கசந்துதான் இருந்திருக்கும்.

நாற்காலியிலிருந்து இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்காகச் சண்ட போடாத. அதுவும் மாதாவ வெச்சிக்கிட்டு."

"சண்ட இல்லீங்க. வழியனுப்பி வெக்கறேன்."

"அவமானப்பட்டுத் திரும்பி வருவ."

"வந்தா மாதாவும் என்கூட சேந்துதானே வருவாங்க? தொணைக்கு ஆளு இருக்குது."

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

எதிர்வீட்டுக்காரிக்கு விஷயம் போய்ச் சேர நேரம் ஆகவில்லை. மீன் மார்க்கெட்டில் கூவிக் கூவிக் கணீரென்று ஆன குரல் அவளுக்கு. "யக்கா, மாதாவப் பணயமா புடிச்சி வெச்சிருக்கியாமே! நாளைக்குப் பேப்பர்ல வரப்போவுது. என்னையும் சேத்துக்கோ, நல்ல பொடவையாக் கட்டிக்கிட்டு வரேன்" என்றாள். சொன்னபடியே பட்டுப்புடவை கட்டி, ஒரு தூக்குவாளி நிறையச் சுண்டலோடு வந்தாள். அவள் வந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டவர்களும் உண்டு. பயந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பெரிய தெரு வீடுகளில் வேலை செய்து பிழைப்பவர்கள் அவர்கள்.

பொழுது சாயும் நேரத்துக்குக் கிளம்பினோம். பெட்டியை நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, உள்ளே மெழுகுவர்த்தி நட்டு, பெண்கள் ஏந்தி வந்தார்கள். தூறல் விழத் தொடங்கியிருந்தது. மழை எங்களைப் பார்த்துத் தயங்கித் தயங்கி விழுவதுபோல இருந்தது.

தோட்டத்துக் கதவு பூட்டியிருந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் தூங்குமூஞ்சி மரம் இலைகளை மடக்கத் தொடங்கியிருந்தது. சாயங்காலமானால் அது அப்படித்தான், கை கூப்புவதுபோல ஒவ்வோர் இலையாக மூடிக்கொள்ளும். எங்களுக்கு முன்னாலேயே அது ஜெபத்தை ஆரம்பித்துவிட்டது. நாங்களும் ஆரம்பித்தோம். கதவுக்கு வெளியே, சேற்றில் நின்றபடி, ஜெபமாலையின் ஐந்து பத்துகளில் முதல் பத்து மணி.

சாமியார் குடையோடு ஓடிவந்தார். "என்னம்மா இது, மழையில! எல்லாரும் கோயிலுக்குள்ள வாங்க. அங்க வெச்சு ஜெபிக்கலாம்."

"கோயிலுக்குள்ள எடம் குடுத்துட்டீங்க சாமி. அதுக்கு நன்றி. எங்களுக்கு எடமில்லாதது மரத்தடியிலதான்."

அவர் என்னைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். அப்புறம் குடையை மடக்கிக்கொண்டு, எங்கள் வரிசையின் கடைசியில் வந்து நின்றார். அவரால் அன்றைக்கு முடிந்தது அவ்வளவு. அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டாம் பத்து மணி ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது முசே வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பெல்ட்டில் சாவிக்கொத்து. பின்னால் அவர் தெருக்காரர்கள் சிலர். அவர் வீட்டில் சீரியல் விளக்கெல்லாம் போட்டு, மாதாவுக்குப் பீடம் ஜோடித்துக் காத்திருந்தார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"சுரூபத்த உபதேசியார்கிட்டக் குடு. அதான் வழக்கம்."

என் குரல் நடுங்கவில்லை. அதை இன்றைக்கும் ஆச்சரியமாக நினைத்துக்கொள்கிறேன்.

"வழக்கம் அது இல்ல முசே. வாங்கற வூட்டுக்காரங்க, குடுக்கற வூட்டுக்கு வந்து அழைக்கறதுதான் வழக்கம். என் வூடு சின்னது, நீங்க வந்து நிக்க எடம் பத்தாது. அதனாலதான் உங்க பக்கத்துலயே இருக்கற மரத்தடிக்குக் கொண்டாந்துட்டேன். வந்து அழைச்சிக்கிட்டுப் போங்க."

"நோன்!" என்றார். முடியாது என்று அர்த்தம். கோபம் வந்தால் அவருக்குப் பிரெஞ்சுதான் முதலில் வரும். "இன்னிக்கித் தெறந்தா நாளைக்கி எல்லாம் வந்து உக்காந்துக்குவீங்க."

"ஆமா முசே" என்றாள் எதிர்வீட்டுக்காரி, பட்டுப்புடவை நனைய. "உக்காரத்தான் கேக்கறோம். வேரோட புடுங்கிக்கிட்டா போவப்போறோம்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். முசேயின் முகம் இறுகியது. அந்த நேரத்தில்தான் எங்கள் தெருமுனையில் ஒரு பெரிய கறுப்புக் குடை தெரிந்தது. மெதுவாக, நின்று நின்று வந்தது. குடைக்குக் கீழே என் கணவர். டிவியை அணைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, தனியாக நடந்து வந்திருந்தார். எனக்கு ஜெபம் தப்பிப்போயிற்று. ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்றால் கையில் மாதா. அவளை இறக்கி வைக்கக்கூடாது. நின்ற இடத்திலேயே நின்று, அவர் ஒவ்வோர் அடியாக எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வாழ்க்கையில் செய்த மிகக் கஷ்டமான வேலை அதுதான்.

வந்தவர் என் பக்கத்தில் நின்று, குடையை மாதாவின் மேல் பிடித்தார். மூச்சு அடங்கியதும் கம்பிக்கதவைக் காட்டி, சண்டைக் குரலே இல்லாமல், கணக்கு ஒப்பிக்கும் பள்ளிப் பையனைப்போலச் சொன்னார்:

"முசே, அன்னிக்கி நான் அஞ்சாம் ஸ்தலத்துல நின்னுட்டேன். மிச்சம் ஒம்பது இருக்குது."

 குடைமேல் மழை வலுத்தது.

அந்த மழைக்குள் மதாம் வந்தார். கையில் மாதாவுக்கான மல்லிகை மாலை, தலையில் முக்காடு. நேராக வந்து பெட்டியைப் பார்த்தார். "மாதா மழையில நிக்கறாங்க, என்னா இதெல்லாம்?" என்றார் புருஷனிடம். அவர் ஏதோ பிரெஞ்சில் வேகவேகமாகச் சொன்னார். மதாம் தமிழிலேயே பதில் சொன்னார், எங்கள் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி.

"பாரீஸ்ல பார்க்கு பெஞ்சில நீங்க உக்காந்ததும், பக்கத்துல இருந்தவ பிள்ளையத் தூக்கிக்கிட்டு எழுந்து போனாளே, அந்தக் கதைய வருஷா வருஷம் திருவிழா சாப்பாட்டுல சொல்லுவீங்களே. சொல்லும்போதெல்லாம் உங்களுக்குக் கை நடுங்குமே. நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். சாவியக் குடுங்க."

அந்தக் கதை எங்களுக்கும் தெரியும். திருவிழாவுக்குப் பந்தி பரிமாறப் போனவர்கள் காதில் விழுந்து, தெரு முழுக்க வந்ததுதான். பட்டாளத்துச் சட்டை போட்டு அந்த நாட்டுக்காக நின்ற மனிதனை, அவன் தோலைப் பார்த்து விலகிப்போன ஒரு பெண்ணின் கதை. அதைக் கேட்டபோது எனக்கும் அவருக்காகக் கோபம் வந்ததுண்டு. அந்தப் பெஞ்சும் இந்தத் தூணும் ஒரே கல் என்று அவருக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

முசே சாவியைக் கொடுக்கவில்லை. கொடுக்காமலும் இல்லை. கை பெல்ட்டுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. மதாம்தான் எடுத்துக்கொண்டார். பூட்டில் நுழைத்துத் திருப்பினார். கதவு மழையில் ஊறிப்போய் நகர மறுத்தது. எதிர்வீட்டுக்காரி தூக்குவாளியை யாரிடமோ கொடுத்துவிட்டுத் தோளைக் கொடுத்தாள். பெரிய தெருப் பெண் ஒருத்தியும் கம்பியைப் பிடித்துத் தள்ளினாள். கதவு கிறீச்சென்று திறந்தது.

உள்ளே போனோம்.

மரத்தடியில், நனைந்த செங்கல்லில், மதாம் முழங்காலிட்டார். முட்டிவலிக்காரர், ஒரு கையை ஊன்றித்தான் உட்கார முடிந்தது. என் கையில் இருந்த பெட்டியை நிமிர்ந்து பார்த்து, "எங்க வூட்டுக்கு வாங்க தாயே" என்றார். அதுவரை அழாத நான் அங்கேதான் அழுதேன். எங்கள் தெருவிலிருந்து ஒருவர் கொடுத்து, பெரிய தெருவிலிருந்து ஒருவர் முழங்காலிட்டு வாங்கியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. மிச்சமிருந்த ஜெபமாலை மணிகளை இரண்டு தெருவும் சேர்ந்து, மடக்கிய இலைகளுக்கு ஊடே சொட்டும் மழையில் சொல்லி முடித்தோம். எதிர்வீட்டுக்காரி சுண்டலை மதாமின் முன்னால் நீட்டினாள். அவர் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குடி" என்றார். "மழத்தண்ணியோட சேத்துச் சாப்பிடுங்க மதாம், சரியாப் போவும்" என்றாள் இவள்.

முசே உள்ளே வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது கதவருகில் யாரும் இல்லை.

இத்தோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதி நிறுத்திவிட ஆசைதான். அடுத்த வாரமே கதவில் புதுப்பூட்டு தொங்கியது. அதன் சாவி மதாமிடம்கூட இல்லை. நாங்கள் போய் வாசலில் நின்று ஜெபமாலை சொன்னோம். இவரையும் நாற்காலியோடு கூட்டிப்போனேன். மறுநாளும் போனோம். கதவைத் திறக்கிறவரை நடக்கிற ஜெபம் இது என்று எதிர்வீட்டுக்காரி மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். சாமியார் கமிட்டியைக் கூட்டினார். இந்தத் தடவை நெளியவில்லை என்று கேள்விப்பட்டேன். கடைசியில் பூட்டு கழன்றது. சாவி இப்போது கோயில் பக்கக் கதவின் ஆணியில் தொங்குகிறது. காலையில் முதலில் வருகிறவர்கள் திறக்கலாம், கடைசியில் போகிறவர்கள் பூட்டலாம். பூட்ஸ்காரர்களில் சிலர் நடப்பதையே விட்டுவிட்டார்கள், சிலர் கடற்கரைக்கு மாறிவிட்டார்கள். எங்களுக்கு வேலை கொடுத்த ஒன்றிரண்டு வீடுகள் கதவைச் சாத்தின. என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பதை நிறுத்தியவர்களும் உண்டு. நாங்கள் நடப்பதை நிறுத்தவில்லை. மழையிலும் போனோம், வேலை இல்லாத நாளிலும் போனோம், போகப் பிடிக்காத நாளில் பிடிவாதமாகப் போனோம். திறந்த கதவு யாரும் நுழையாமல் கிடந்தால் மறுபடி துருப்பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

இவர் முதலில் ஆறாம் ஸ்தலத்தைத் தொட்டார். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பத்தைத் தாண்டினார். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒருநாள் பதினான்காம் ஸ்தலத்துத் தூணில் கையை வைத்து, அங்கே நிற்காமல், மறுபடி முதல் ஸ்தலத்துக்குத் திரும்பி நடந்தார். கல்லறையோடு கதை முடிவதில்லை என்று நாங்கள் விசுவாசிக்கிறோம் இல்லையா?

முசே சில மாதங்கள் கழித்து வந்தார். மதாம் கூட்டி வந்தாரா, தானே வந்தாரா தெரியாது. தூரத்துப் பெஞ்சு ஒன்றில் தனியாக உட்காருவார். இவர் தினமும் தாண்டிப்போகும்போது "வணக்கம் முசே" என்பார். பதில் வராது. இவர் விடவில்லை. என்னைவிடப் பிடிவாதக்காரர் என்று அப்போதுதான் கண்டுபிடித்தேன். போன கார்த்திகையில் ஒருநாள், காய்ச்சலில் விழுந்து எழுந்திருந்ததால் இவர் பாதியிலேயே திரும்பினார். தூரத்துப் பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"என்னாப்பா, இன்னிக்கி ஒம்பதாம் ஸ்தலத்தோட நின்னுட்ட?"

இவர் நின்றார். "ஒடம்புக்கு முடியல முசே. நாளைக்கி முடிச்சிடறேன்."

"ம்" என்றார் அவர். அப்புறம் பெஞ்சில் இருந்த தன் குடையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை. ஆனால் பெஞ்சில் ஓர் ஆள் உட்கார இடம் ஆயிற்று. இவர் உட்கார்ந்தார். இரண்டு பேரும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மன்னிப்பு அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று நானும் காத்திருக்கவில்லை.

அந்த அக்டோபருக்கு அப்புறம் நான் எதற்கும் கையேந்திக் கேட்பதில்லை. வாசலில் போய் நிற்கிறேன், நெஞ்சில் அணைத்ததைக் கீழே வைக்காமல் நிற்கிறேன். நிழல் என்பது மரம் தருவது, மனிதன் தருவதல்ல என்று சேற்றில் நின்ற அந்தச் சாயங்காலம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இன்னும் என் கால்களில் இருக்கிறது.